தனி வந்தாச்சு, வாங்கோ

அந்த வெள்ளைக்காரர் டிரம்மை அடிக்கவில்லை. தடவிக்கொண்டிருந்தார்.

இரண்டு கையிலும் மெல்லிய கம்பிகளைச் சேர்த்துக் கட்டிய பிரஷ். அதை டிரம்மின் தோல் மேல் வட்ட வட்டமாக இழுத்தார். முறத்தில் அரிசியைப் புடைக்காமல் சும்மா உருட்டிக்கொண்டிருந்தால் வருமே, அந்தச் சத்தம். பியானோக்காரர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். ஆள் உயர டபுள் பாஸை அணைத்தபடி நின்றிருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இதோ, எல்லோரும் எழுந்திருக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை. என் வரிசையில் விபூதியும் அங்கவஸ்திரமுமாக ஒரு மாமா இருந்தார். மயிலாப்பூரில் எந்தக் கச்சேரிக்குப் போனாலும் தென்படுகிற முகம். அவர் மட்டும் பழக்கதோஷத்தில் பாதி எழுந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். துணைக்கு ஒருவரும் கிடைக்காமல் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

டிரம்காரர் தடவிக்கொண்டே இருந்தார். அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டது. இருட்டில் நான் அழுதேன்.

பக்கத்தில் இருந்த ஸ்டீபன் என் விலாவில் இடித்தான். "இன்னாத்துக்குடா அழுவுற?"

"யாருமே எழுந்து போகலை ஸ்டீபன்."

"எங்க போவாங்க?"

"காண்டீனுக்கு."

"இங்க காண்டீனே இல்லியேடா மச்சி!"

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. நகரத்தின் நடுவில் இருந்த ஒரு வெளிநாட்டுக் கலாசார மையத்தின் சின்ன அரங்கம். ஐரோப்பிய ஜாஸ் என்கிற சங்கதி என் காதில் விழுந்தது அன்றைக்குத்தான்.

பந்திக்கு முந்து

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் மிருதங்கக்காரன். பகலில் மவுண்ட் ரோடில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். சாயங்காலம் பக்கவாத்தியம். முதல் தட்டு வித்வான்களுக்கு நான் வாசித்ததில்லை. நடுவாந்தரத்துக்கும் கொஞ்சம் கீழே.

கச்சேரியில் பாடகர் பிரதான உருப்படியை முடித்துவிட்டு, மிருதங்கக்காரனைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் மேடை அவனுடையது. அதுதான் தனி ஆவர்த்தனம், சுருக்கமாகத் தனி. வருஷக்கணக்காக விரல் வீங்கச் சாதகம் பண்ணுவது இந்தச் சில நிமிஷங்களுக்காகத்தான்.

சபையில் என்ன நடக்கும் என்று ஊருக்கே தெரியும். பாடகரின் தலை ஆடியதுமே மடக்கு நாற்காலிகள் கடகடவென்று சத்தம் போட ஆரம்பிக்கும். மாமாக்கள், மாமிகள், விமர்சனம் எழுத வந்தவர், பாடகரின் சொந்த மைத்துனர் எல்லோரும் காண்டீனைப் பார்க்கப் போய்விடுவார்கள். பந்திக்கு முந்து என்று சும்மாவா சொன்னார்கள்? நாங்கள் காலி நாற்காலிகளுக்கு வாசிப்போம். தனியை முடித்துவைக்கிற கடைசி அடுக்கு, அதாவது தீர்மானம், வருகிற நேரம் பார்த்து, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து கைதட்டுவார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எங்களுக்கு மூன்றாவது பக்கமும் உண்டு, அது காண்டீன் பக்கம்.

சென்ற வாரம் நான் காண்டீனைப் பற்றிக் கிண்டலாக எழுதியதில் ஒரு வாசகருக்குக் கோபம். பத்திரிகை ஆபீசுக்குப் போன் பண்ணி, "அவருக்கு சபா வடை மேல் என்ன அவ்வளவு வஞ்சம்?" என்று கேட்டாராம். சொல்கிறேன் ஐயா. அதற்குத்தான் இந்த வாரம்.

என் அப்பா மயிலாப்பூரில் ஒரு சபாவின் கமிட்டி மெம்பர். அரசாங்க ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சங்கீதம் என்றால் உயிர். சங்கீதம் என்றால் அவருக்குப் பாட்டு. என்னையும் பாட்டுக்குத்தான் சேர்த்தார். மீசை முளைக்கிற வயதில் என் சாரீரம் உடைந்தது, சேரவே இல்லை. "தொண்டை போயிடுத்து. சரி, கை இருக்கோல்லியோ" என்று மிருதங்கத்தில் போட்டார். மிச்ச சாதத்தை மோருக்கு வைத்துக்கொள்வதைப் போல.

கமிட்டியில் அவருக்குக் கொடுத்திருந்த பொறுப்பு காண்டீன். தனி ஆரம்பித்தால் கூட்டம் வரும், அதற்குள் எண்ணெய் காய்ந்திருக்க வேண்டும், சட்னி அரைத்திருக்க வேண்டும். அதனால் தனி வருகிறது என்று தெரிந்ததும் எல்லோருக்கும் முன்னால் அப்பா எழுந்துவிடுவார். போகிற வழியில் தெரிந்தவர்களையும் கூப்பிட்டுக்கொண்டு போவார்.

நான் வாசித்த நாட்களிலும்தான். அப்பா என் தனியை ஒரே ஒரு தடவை, முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்த வயதில் எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். பட்டமும் விருதும் யாருக்கு வேண்டும்?

சாந்தோம் சகவாசம்

ஸ்டீபன் யார் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். சாந்தோமில் கடலோரத்து வீடு. சர்ச்சில் கிடார் வாசித்து ஆரம்பித்து, கோடம்பாக்கத்தில் சினிமா ரெக்கார்டிங்கில் பாஸ் கிடார் வாசித்துக்கொண்டிருந்தான். கல்யாணக் காட்சிகளுக்கு நாலு தட்டு தட்ட என்னையும் அங்கே எப்போதாவது கூப்பிடுவார்கள். அப்படிப் பழக்கம்.

அந்த வருஷங்களில்தான் ஒரே ஒரு கீபோர்டு வந்து ஒரு வரிசை ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஸ்டீபனுக்கும் வேலை குறைந்தது. பொழுது நிறைய இருந்ததால் கலாசார மையங்களில் இலவசக் கச்சேரி எங்கே என்று தேடிக்கொண்டு போவான், என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

"ஜாஸ்னா அமெரிக்காதானே?" என்று கேட்டேன்.

"அது வேற மச்சி. அதுல கால் ஆடும். இதுல மூச்சு நிக்கும். இவுனுங்க ஊர்ல பாதி வருசம் இருட்டா கீதாம், பனி கொட்டிக்கினே இருக்குமாம். ஒரு சொரத்த வாசிச்சுட்டு அது போய்ச் சேர்ற வரைக்கும் உக்காந்துக்கினு இருப்பானுங்க."

இதைவிட நன்றாக அந்தச் சங்கீதத்தை யாரும் எனக்கு விளக்கியதில்லை. பிறகு அதைப் பற்றிக் கொஞ்சம் படித்தும் பார்த்தேன். நாட்டுப்பாட்டு, சர்ச் பாட்டு, ஜாஸ் மூன்றும் கலந்து அவர்கள் புதிதாகச் செய்துகொண்டது என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அதெல்லாம் இரண்டாம்பட்சம். அங்கே பியானோவும் டிரம்மும் சரிசமமாக உட்கார்ந்திருந்தன. யாரும் யாருக்கும் பக்கவாத்தியம் இல்லை. டிரம்காரர் வாசிக்கும்போது மற்ற இருவரும் தண்ணீர் குடிக்கவில்லை, வாட்ச் பார்க்கவில்லை, கேட்டார்கள். அது எனக்குப் புதிது.

யார் போயிட்டா?

பைத்தியம் பிடித்துவிட்டது. கலாசார மையத்தின் நூலகத்தில் கேசட் இரவல் கொடுத்தார்கள். எடுத்துக்கொண்டு தி. நகருக்கு ஓடுவேன். அங்கே ஒரு மாடிப்படிக்குக் கீழே கேசட் பதிவு பண்ணிக் கொடுக்கிற கடை இருந்தது. நாள் பூராவும் சினிமாப் பாட்டு ஓடுகிற கடை. நான் கொடுத்த கேசட்டைப் போட்டுவிட்டுக் கடைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"சார், இதுல பாட்டு எப்ப வரும்?"

"இதுதாங்க பாட்டு."

"சவுண்டே இல்லியே சார். ஹெட்டு அழுக்கோன்னு நெனச்சு தொடச்சேன்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அது அவ்வளவு மெல்லிய சங்கீதம். பிரதி எடுத்த கேசட்டில் பாதி நேரம் நாடாவின் இரைச்சல்தான் பெரிதாகக் கேட்கும். மந்தைவெளியில் எங்கள் வீட்டிலோ ஒரு பக்கம் பஸ் டெப்போ, இன்னொரு பக்கம் அடுத்த வீட்டு மிக்ஸி. மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்த்துக் கொட்ட, அப்பாவின் டூ-இன்-ஒன் டேப்ரிக்கார்டரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு கேட்பேன். எங்கேயோ சிம்பல் என்கிற பித்தளைத் தட்டு மட்டும் சிணுங்கும். அதற்குப் பிறகு ஒன்றும் இருக்காது. அந்த ஒன்றுமில்லாததற்காகத்தான் கேட்டேன்.

ஒருநாள் அப்பா வாசற்படியில் நின்று சற்று நேரம் கேட்டார். முகத்தில் உண்மையான கவலை.

"யார்டா போயிட்டா?"

"யாரும் போகலைப்பா. இதுதான் அந்த ஐரோப்பாக்காரா வாசிக்கற ஜாஸ்."

"ஓஹோ. யாரோ தலைவர் போயிட்டார், ரேடியோவில துக்கத்துக்கு வாசிக்கறான்னு நெனச்சேன்." உள்ளே போகத் திரும்பியவர் நின்று கேட்டார். "இதுல பாடறவா யாருமே கெடையாதா?"

"கிடையாது."

"பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை, கேசட்டைத் தூக்கி அவர் தலையில் போடலாமா என்று வந்தது. அப்பா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

ரவைக்கு வந்த யோகம்

இரண்டு மூன்று வருஷம் கழித்து அதே டிரம்காரர் மறுபடி சென்னைக்கு வந்தார். பெயர் யோர்கன். கச்சேரி முடிந்ததும் ஸ்டீபன் என்னை மேடைப் பக்கம் தள்ளினான். நான் மிருதங்கக்காரன் என்று தெரிந்ததும், "நாளைக்கே நீ வாசித்துக் கேட்க வேண்டும்" என்றார் யோர்கன். அவர் பேசிய ஆங்கிலத்தை இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

மறுநாள் மந்தைவெளிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். எங்கள் தெருவில் அவ்வளவு உயரமான மனிதர் அதற்கு முன் நடந்ததில்லை. கூடத்தில் சப்பணம் போட்டு உட்காரத் தெரியாமல் காலை நீட்டிக்கொண்டார்.

மிருதங்கத்தின் இடது பக்கத் தோலில், நாதம் கனமாக வருவதற்காக ரவையைத் தண்ணீரில் பிசைந்து அப்புவோம். அதைப் பார்த்து அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "உணவையா பூசுகிறாய்?" என்று கேட்டார். அதே நேரத்தில் அம்மா அதே ரவையில் பண்ணிய உப்புமாவைக் கொண்டு வந்து வைத்தாள். மனிதர் தட்டையும் தோலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நன்னா சாப்பிடச் சொல்லுடா. ஆத்துக்கு வந்தவா வெறும் வயித்தோட போகப்படாது" என்றார் அப்பா. அவருக்கு வாய் ஓயவில்லை. உப்புமா, சட்னி, காபி என்று பக்கத்திலேயே நின்று தமிழிலேயே உபசாரம் பண்ணினார். யோர்கனும் புரிந்த மாதிரியே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

நான் வாசித்தேன். யோர்கன் அசையாமல் கேட்டார். அப்பாதான் நடுவில் எழுந்து, இரண்டாவது டிகாக்ஷன் இறங்கியதா என்று பார்க்கப் போனார்.

முடிந்ததும் யோர்கன் ஒன்று சொன்னார். "நீ வேகமாக வாசிக்கிறாய். மிக நன்றாக. ஆனால் யாரோ வெளியே போவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதுபோல வாசிக்கிறாய். ஏன்?"

நான் சமையலறைப் பக்கம் பார்த்தேன். டிகாக்ஷன் வாசனை கூடம் வரைக்கும் வந்துகொண்டிருந்தது.

அப்பா கொடுத்த வாக்கு

யோர்கன் ஊருக்குப் போய், அங்கே யார் யாரிடமோ பேசி, அடுத்த வருஷம் ஒரு கூட்டுக் கச்சேரிக்கு ஏற்பாடாயிற்று. பியானோ, டபுள் பாஸ், டிரம், மிருதங்கம். அதைப் பதிவு செய்து அவர்கள் ஊரில் சிடியாகப் போடுவதாகத் திட்டம். மையத்தின் அரங்கம் சின்னது என்பதால் மயிலாப்பூரில் ஒரு மண்டபம் பிடித்தார்கள். வேறெதுவாக இருக்கும்? அப்பாவின் சபாதான்.

அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கபாலி கோவில் மாட வீதிகளில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எம்பிள்ளை வெள்ளைக்காராளோட வாசிக்கறான், அவசியம் வந்துடுங்கோ" என்று அழைத்தார். மார்கழி சீசன் இல்லாத நாளில், கமிட்டியோடு சண்டை போட்டுக் காண்டீனைத் திறக்கவைத்தார். "வெளியூர்க்காரா வரா. ஒரு வடை காபிகூட இல்லேன்னா நம்ம மானம் என்ன ஆறது?"

ஒத்திகையில் யோர்கன் என் தனியைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். "அவசரப்படாதே. முடிந்த அளவுக்குச் சின்னதாக ஆரம்பி." ஏழு எண்ணிக்கையில் மெதுவாக நடக்கிற அவருடைய மெட்டு ஒன்று, நம் மிஸ்ர சாபு தாளத்துக்குச் சரியாகப் பொருந்தியது. அதிலிருந்து தனி பிறக்க வேண்டும். ஒரு விரலில், இடது தோலை வருடுகிற ஒரு கும்கியில் ஆரம்பிப்பது என்று முடிவு செய்தேன். அந்தக் கேசட்டுகளில் நான் கற்றது அது ஒன்றுதான்.

கச்சேரியன்று புறப்படும்போது அப்பாவிடம் கேட்டுவிட்டேன். அதுவரை வாய்விட்டுக் கேட்டதே இல்லை.

"அப்பா, இன்னிக்கு மட்டும் தனியில எழுந்து போகாதேங்கோ."

அப்பா அங்கவஸ்திரத்தை மடித்துக்கொண்டிருந்தார். அடிபட்டவர் மாதிரி நிமிர்ந்து பார்த்தார்.

"போவேனாடா? எம்பிள்ளை வாசிக்கறச்சே எழுந்து போவேனா?"

அவர் பொய் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில், வருஷக்கணக்காகத் தான் போய்க்கொண்டிருந்ததுகூட அவருக்கு நினைவில் இல்லை. இன்றைக்கும் என்னால் தாங்க முடியாதது அதுதான்.

இரும்பு நாற்காலிகள்

மண்டபம் நிரம்பியிருந்தது. பாதிப் பேர் அப்பாவுக்காக வந்தவர்கள். முன் வரிசையின் நடுவில் அப்பா, பக்கத்தில் அம்மா. அவர்கள் தலைக்கு மேலே ஒரு மைக் தொங்கியது. கைதட்டலைப் பிடிப்பதற்காக யோர்கனின் ஆட்கள் கட்டியது.

முதல் இரண்டு உருப்படிகளிலும் ஜனங்கள் பொறுமையாகத் தொடையில் தாளம் தேடிக்கொண்டிருந்தார்கள். சிலருக்குக் கிடைத்தது. பிறகு அந்த ஏழு எண்ணிக்கை மெட்டு. பியானோ மெல்லத் தேய்ந்து நின்றது. பாஸ்காரர் கடைசிச் சுரத்தை ஒருமுறை மீட்டிவிட்டுக் கையை எடுத்தார். யோர்கன் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

நான் மூச்சை இழுத்துக்கொண்டேன். ஒரு விரலை வைத்தேன். ஒரு கும்கி. அது போய்ச் சேரும்வரை காத்திருந்தேன். இன்னொன்று.

முன் வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

அப்பா எழுந்திருந்தார். முகத்தில் அலட்சியம் எதுவும் இல்லை. பொறுப்புள்ள மனிதரின் முகம். அங்கவஸ்திரத்தைத் தோளில் சரிசெய்துகொண்டு, வரிசையைப் பார்த்துத் திரும்பி, அந்த நிசப்தத்தில், தெளிவாக, அன்பாகச் சொன்னார்:

"தனி வந்தாச்சு, வாங்கோ. வடை சூடா இருக்கு."

அவ்வளவுதான். இரும்பு நாற்காலிகள் கடகடவென்று மடங்கத் தொடங்கின. முதலில் முன் வரிசை, அப்புறம் நடு வரிசை, பிறகு மண்டபம் முழுக்க. வழக்கம்போலத் தடதடவென்று வாசித்திருந்தால் அந்தச் சத்தம் என் சத்தத்தில் அமுங்கியிருக்கும். நான்தான் மெல்ல வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்தேனே.

நிறுத்தவில்லை. அவசரப்படவும் இல்லை. மெல்லத்தான் வாசித்தேன். கண் முன்னால் மண்டபம் காலியாவதைப் பார்த்துக்கொண்டே, என் வாழ்க்கையிலேயே நன்றாக வாசித்த தனியை வாசித்தேன். அம்மா உட்கார்ந்திருந்தாள். ஸ்டீபன் உட்கார்ந்திருந்தான். கலாசார மையத்து ஆட்கள் சிலர் இருந்தார்கள். தீர்மானத்துக்கு எல்லோரும் திரும்பி வந்து பிரமாதமாகக் கைதட்டினார்கள். அதுவும் பதிவாயிற்று.

மேடைக்குப் பின்னால் வந்த ஸ்டீபன் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டான். பிறகு, "இன்னா மச்சி இது? உன் நைனாவே எல்லாரியும் இட்டுக்கினு பூட்டாரே" என்றான்.

பின்னாலேயே அப்பா வந்தார். கண்ணெல்லாம் சந்தோஷம்.

"அபாரம்டா! உன் தனியில காண்டீன்ல நிக்க எடமில்லை. சீசன்லகூட நான் அப்படியொரு கூட்டம் பார்த்ததில்லை. எல்லாரும் உன்னைப் பத்தித்தான் பேச்சு."

அவர் கையில் இலையில் சுற்றிய வடை இருந்தது. எனக்காக எடுத்து வைத்தாராம். வாங்கிக்கொண்டேன். சாப்பிடவில்லை.

அடையாறில் ஒரு காலை

மறுநாள் காலையில், யோர்கன் தங்கியிருந்த அடையாறு விடுதியில் பதிவைக் கேட்டோம். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரமும் காக்கைகளும். தனி வரும் இடத்தில் அவர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி எனக்குக் கொடுத்தார்.

கும்கி. நிசப்தம். கும்கி. கிறீச். அதற்குப் பிறகு, மேடையில் எனக்குக் கேட்டதைவிடப் பக்கத்தில், அந்தக் குரல்.

"இது உன் அப்பாவின் குரல்தானே?" என்றார் யோர்கன். உப்புமா சாப்பிட்ட ஒரே ஒரு காலையில் கேட்ட குரலை அந்தக் காது மறக்கவில்லை. "என்ன சொல்கிறார்?"

எனக்கு வேண்டியிருந்தால் ஆசீர்வாதம் என்று சொல்லியிருக்கலாம். வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தேன். வடை என்றால் என்ன என்றும் சொன்னேன்.

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. ஹெட்போனை வாங்கி அந்த இடத்தை மறுபடி கேட்டார்.

"நாற்காலிச் சத்தத்தை எடுக்க முடியாது, அது எல்லா மைக்கிலும் இருக்கிறது. இந்தக் குரல் ஒரே மைக்கில்தான் இருக்கிறது. எடுத்துவிடலாம். எடுக்கட்டுமா?"

"வேண்டாம், இருக்கட்டும்" என்றேன். "ஊரெல்லாம் கேட்கட்டும்."

வஞ்சம்தான். அப்பா செய்ததற்கு அவர் குரலே சாட்சியாக, கடல் தாண்டி, பனி கொட்டுகிற ஊர்களில் எல்லாம் சுழலட்டும் என்றுதான் சொன்னேன். அதற்காக இப்போது வருந்துகிறேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வருந்தவில்லை.

நேர்ல கேட்டவர்

சிடி வந்தது. அட்டையில் பனி மூடிய ஒரு வயல். உள்ளே என் பெயரையும் ஓரளவு சரியாகவே போட்டிருந்தார்கள். அங்கே கேட்கிறவர்களுக்கு அந்த நாற்காலி இடம் ரொம்பப் பிடித்திருக்கிறது என்று யோர்கன் ஒருமுறை போனில் சொன்னார். அந்த இடத்தில் உயிர் இருக்கிறது என்கிறார்களாம். இருக்காதா பின்னே? எடுத்த உயிர் என்னுடையதாயிற்றே.

எங்கள் வீட்டில் அப்போது சிடி போடுகிற கருவி கிடையாது. அதைக் கேசட்டில் பிரதி எடுத்து வந்து அப்பாவிடம் நீட்டினேன். அவர் கேட்க வேண்டும். அந்த இடம் வரும்போது அவர் முகத்தை நான் பார்க்க வேண்டும். அதற்காகவே அத்தனை மாதம் காத்திருந்தேன்.

அப்பா கேசட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அலமாரியில் வித்வான்களின் கேசட் வரிசையில், முதலாவதாக வைத்தார்.

"போட்டுக் கேக்கலியாப்பா?"

"எனக்கென்னத்துக்குடா?" என்றார், பெருமையோடு. "நான்தான் நேர்லயே உக்காந்து கேட்டேனே."

கடைசி வரைக்கும் அவர் அதைக் கேட்கவில்லை.

அப்பா போய் வருஷங்கள் ஆகிவிட்டன. ஸ்டீபன் வளைகுடாவில் ஒரு ஹோட்டலில் பிறந்தநாள் பாட்டு வாசித்துவிட்டுத் திரும்பி வந்து, இப்போது மறுபடி சர்ச்சில் வாசிக்கிறான். நானும் வாத்தியத்தை உறை போட்டு வைத்துவிட்டேன்.

அப்பா போன பிறகுதான் தெரிந்தது, அவர் குரல் எங்களிடம் எதிலுமே இல்லை. வீடு நிறைய யார் யாரோ பாடிய கேசட்டுகள். என் கல்யாண வீடியோவில் அப்பா வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார், ஆனால் வீடியோக்காரன் அதன் மேல் நாதஸ்வரத்தையும் சினிமாப் பாட்டையும் ஏற்றிவிட்டான். மிச்சம் இருப்பது அந்த ஒரே ஒரு வாக்கியம். ஐரோப்பாக்காரர்களின் ஜாஸ் சிடியில், என் தனியின் ஆரம்பத்தில்.

சென்ற மாதம் அப்பாவின் திதி. சாஸ்திரிகள் போய், சாப்பாடு முடிந்து, வெயில் தாழ்ந்த நேரம். அம்மா கூடத்தில் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா பேசறதைக் கொஞ்சம் போடேன்."

வருஷா வருஷம் கேட்பாள். போட்டேன். பியானோ தேய்ந்து நின்றது. கும்கி. நிசப்தம். கும்கி. கிறீச். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"தனி வந்தாச்சு, வாங்கோ. வடை சூடா இருக்கு."

கூடத்தில் அப்பா நின்று சொன்னது மாதிரியே இருந்தது. அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல எழுந்தாள்.

"போறும்டா. இனிமே வெறும் மிருதங்கம்தானே. காபி கலக்கறேன், வா."

அன்றைக்கு அந்த மண்டபத்தில் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தவள் அவள். சமையலறையிலிருந்து டிகாக்ஷன் வாசனை வந்தது. மிருதங்கம் அவசரமில்லாமல், நன்றாகத்தான் வாசித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் வேறு யாரும் இல்லை. நானும் எழுந்து உள்ளே போனேன்.